டாமரிஸ் ஹோல்டிச்சின் வயது

மார்ல்ஃபென் ஊரில் எல்லோரும் அதை 'வீடு' என்றுதான் சொல்வார்கள். வீடில்லாதவர்கள் கடைசியாகப் போய்ச் சேரும் கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பெயர் கிடைக்காது என்பதால் அது நிலைத்துவிட்டது போலும். வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் ஏழைகள் விடுதி அது; சர்க்கார் காகிதங்களில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. சேற்று நிலத்தின் மூடுபனிக்கு நடுவே செங்கல்லில் எழும்பி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கரை தட்டிய கப்பல் என்று தோன்றும். நடுவில் கடிகாரக் கோபுரம். அதற்கு ஒரு பக்கம் ஆண்கள் முற்றம், மறுபக்கம் பெண்கள் முற்றம், இடையில் சுவர். கணவனும் மனைவியுமாக வாசலுக்கு வருகிறவர்கள் சொந்தத் துணியைக் கழற்றிக் கொடுத்து, குளித்து, விடுதியின் கோடு போட்ட துணியை உடுத்திக்கொண்டு, ஆளுக்கொரு கதவு வழியாக உள்ளே போவார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்த்துக்கொள்ளலாம். அங்கேயும் நடுவில் பலகைத் தடுப்பு. திருமணத்தின் புனிதத்தைப் பற்றிப் பாதிரியார் அந்தத் தடுப்புக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துப் பேசுவார்.

நான் அங்கே பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தேன். வகுப்பறை பெண்கள் பக்கத்துச் சலவைக்கூடத்துக்கு நேர் மேலே. தரைப்பலகை இடுக்குகள் வழியாகக் காலை முழுக்க வெந்நீர் ஆவி ஏறிவரும். கற்பலகைகள் வியர்க்கும், பிள்ளைகள் எழுதிய கூட்டல் கணக்குகள் விடை வருவதற்குள் வழிந்துவிடும். ஆவியோடு கீழே இருக்கும் பெண்களின் பேச்சும் ஏறிவரும். நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லக்கூடாது. காதைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்த முடியாது என்று சொல்லலாம்.

டாமரிஸ் ஹோல்டிச் அந்தச் சலவைக்கூடத்தில்தான் இருந்தாள். உயரமான பெண். செப்புக் கொப்பரையின் முன்னால் நீண்ட கோலை வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கத்துச் சட்டைகளைக் கிளறிக்கொண்டிருப்பாள். ஆவிக்குள் அவள் முகம் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டாள். எங்கிருந்தோ நடந்து வந்து சேர்ந்து, அதன் பிறகு திரும்புவாள். எங்கள் பக்கத்தில் குளிர்காய்ச்சலுக்குத் தோட்டத்துக் கசகசாக் காயை வேகவைத்துக் குடிப்பது வழக்கம். மயக்கம் தரும் அந்தக் கஷாயம் குடித்து வளர்ந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். விடுதிக்குள் கஷாயம் கிடையாது. அவளுக்கு ஆவியே போதுமாக இருந்தது.

கொப்பரைக்குள் எந்தச் சட்டை கணவனுடையது என்று அவளுக்குத் தெரியாது. சட்டைகள் யாருக்கும் சொந்தமில்லை. சனிக்கிழமை குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதனால் அவள் எல்லாச் சட்டைகளையும் ஒரே மாதிரி கவனமாக மடிப்பாள். காலர் கிழிந்திருந்தால் தைப்பாள். ஈபன் ஹோல்டிச்சுக்கு என்று வைத்த அக்கறை அப்படியே நாற்பது, ஐம்பது கிழவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களில் சிலர் பிரம்மச்சாரிகள்.

ஞாயிறு அவளுக்குக் கிடைத்தது ஈபனின் உச்சந்தலை மட்டும். தடுப்புக்கு மேலே அவ்வளவுதான் தெரியும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்த உச்சந்தலையோடு அவள் குடித்தனம் நடத்தினாள். முன்பக்கம் முடி கொட்டியது, காதோரம் நரைத்தது, யாரோ மோசமாகக் கத்தரித்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அதோடு இருமல். பாட்டு ஆரம்பிக்கும் முன் ஆண்கள் பக்கத்தில் பலரும் இருமுவார்கள். அவற்றுக்குள்ளிருந்து ஈபனின் இருமலை மட்டும் அவள் பிரித்தெடுத்துவிடுவாள். அந்த இலையுதிர் காலத்தில், அதாவது ராணி விதவையாகிக் கறுப்பு உடுத்த ஆரம்பித்த மறு வருஷம், அந்த இருமல் ஆழமாக இறங்கியிருந்தது. பாட்டு முடிந்த பிறகும் நிற்கவில்லை.

"கிணத்துக்குள்ள வாளி விழற மாதிரி இருக்குடி," என்றாள் டாமரிஸ், கீழே ஒரு நாள். "இந்தக் குளிர் அந்தாளு தாங்கமாட்டாரு. பக்கத்துல யாராவது முதுகத் தேய்ச்சுவிடணும்."

"ஆம்பளைங்க பக்கத்துல யாரு தேய்ப்பா? அவனவன் முதுகே அவனவனுக்கு எட்டல," என்றது மற்றொரு குரல்.

அது மெர்சி ட்ரிக். மெர்சி என்றால் கருணை என்று அர்த்தம்; பெயர் வைத்தவர்கள் அவள் பேச ஆரம்பிக்கும் முன் வைத்துவிட்டார்கள். துணி பிழியும் உருளையைச் சுற்றுவது அவள் வேலை. வயது என்ற விஷயத்தில் மெர்சி கெட்டிக்காரி. அறுபது தாண்டிய பெண்களுக்கு விடுதியில் காலைக் கஞ்சிக்குப் பதில் தேநீர், சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய். ஆகவே விடுதி வாசலில் பெண்கள் சட்டென்று முதுமை அடைவார்கள். எங்கள் ஊரில் ஐம்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில் இருந்த தூரம் சில சமயம் ஒரு வாசற்படி மட்டுமே. மெர்சியும் அப்படித்தான் ஒரே பிற்பகலில் மூத்தவளானாள்.

டாமரிஸ் மட்டும் கஞ்சி குடித்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு.

"உன் கழுத்தப் பாத்தா அப்படித் தெரியலையே," என்பாள் மெர்சி, தேநீர்க் கோப்பையை ஊதிக்கொண்டே. "அந்தக் கழுத்து என்னைவிட முன்னாடி பொறந்ததுடி. மேல இருக்கிற மூஞ்சி வேணா பிந்தி வந்திருக்கும்."

"சும்மா உருளையச் சுத்து."

வாசலில் அந்த வயதைச் சொன்னது அவள் அல்ல. விடுதிக்குள் வரும்போது கணவன்தான் இருவருக்கும் பதில் சொல்வான். மனைவி பக்கத்தில் நிற்பாள். ஈபன் வாய்க்கால் வெட்டுகிறவன். நீராவி எந்திரம் வந்து சேற்று நீரை உறிஞ்ச ஆரம்பித்ததும் வாய்க்கால்காரர்களுக்கு வேலை குறைந்தது, முழங்கால்கள் மடங்க மறுத்தன, பண்ணைக்காரருடைய குடிசையும் கையை விட்டுப் போனது. வாசற்காரன் வயது கேட்டபோது, இழக்க வேண்டியதையெல்லாம் இழந்து நின்ற அந்த மனிதன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னானாம்: "எனக்கு இவ்வளவு. இவ என்னைவிடச் சின்னவ." அது அவனிடம் மிஞ்சியிருந்த சொத்து. அதை யாரும் கழற்றி வாங்கி வைக்கவில்லை.

ஆண்கள் பக்கத்தில் பழைய கப்பல் கயிற்றை நாராகப் பிரிக்கும் கொட்டகை இருந்தது. தார் பிடித்த முடிச்சுகளை நகத்தால் பிரித்துக்கொண்டு கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். என் பையன்களை அழைத்துக்கொண்டு அந்த வழியே போகும்போது காதில் விழும்:

"என்ன ஈபன், சின்னப் பொண்டாட்டிக்காரா, ஞாயித்துக்கிழம பாத்தியா உன் குட்டிய?"

"பாத்தேன், பாத்தேன். தொப்பி தெரிஞ்சுது."

"எங்களுக்கெல்லாம் கிழவிங்க. உனக்கு மட்டும் எப்படிய்யா அமைஞ்சது?"

"தேடிப் பிடிக்கணும்," என்பான் ஈபன், இருமி முடித்துவிட்டு. "எங்கம்மா எங்கப்பாவவிட மூத்தவ. வீட்டுல கரண்டி அவ கையிலதான் இருக்கும். அடி அப்பன் தலையில விழும். அன்னிக்கே முடிவு பண்ணேன், எனக்கு மூத்தவ வேணாம்னு."

நவம்பரில் லண்டனிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். கணவன் மனைவி இருவருமே அறுபது நிறைந்தவர்களாக இருந்தால் அவர்களைப் பிரித்து வைக்கக்கூடாது என்று சட்டம் சொல்வதாக நிர்வாகக் குழுவுக்கு நினைவூட்டினார். சட்டம் பழையது. குழுவுக்கு ஞாபகம் புதியது. அவர்கள் வெட்கப்பட்டு, நோயாளிகள் கூடத்தின் கோடியில் ஆப்பிள் அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்தார்கள். ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, சின்னக் கணப்பு. சுண்ணாம்பு அடித்த பிறகும் ஆப்பிள் வாசனை போகவில்லை. அந்த அறையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு எப்போதோ தங்களுடையதாக இருந்த, ஆப்பிள் பறிக்கும் ஒரு செப்டம்பர் ஞாபகம் வரும்.

விடுதியில் தகுதியுள்ள ஜோடிகள் இரண்டு. முதல் மனைவி, பெண்கள் பக்கத்தை மேற்பார்க்கும் மேட்ரனிடம், "அம்மா, நான் இங்க ஓய்வெடுக்க வந்தவ, மறுபடியும் அந்த மனுஷன என் தலையில கட்டாதீங்க," என்றாள். இரண்டாவது ஜோடியில் மறுத்தது கணவன். காரணம் சொல்ல வாய் திறந்தான், பிறகு பெண்கள் பக்கத்துச் சன்னலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். இப்படியாக, பிரித்து வைத்தது கொடுமை என்று இத்தனை வருஷம் புலம்பிய வீட்டில், சேர்ந்திருக்க ஆளில்லை. அடுத்த குழுக் கூட்டம்வரை யாரும் கேட்காவிட்டால் ஆப்பிள்களைத் திரும்ப வைத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று.

அன்று கீழே உருளை சத்தம் நின்றது. டாமரிஸின் குரல் மிக மெதுவாக ஏறி வந்தது.

"மெர்சி, எனக்கு அறுபத்திரெண்டு."

தேநீர்க் கோப்பையைத் தரையில் வைக்கிற சத்தம்.

"அடிப்பாவி! அப்போ இவ்வளவு நாளா ஏன் கஞ்சி குடிச்சே?"

"அவருக்கு அறுபதுதான் ஆகுது."

"ஆகட்டுமே?"

"நான் மூத்தவன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அந்தப் பக்கம் திரும்பிப் போயிருப்பாரு. பண்ணை வேலைக்கு ஆள் பிடிக்கிற சந்தையில பால் கறக்கிற பொண்ணுங்க வரிசையில நின்னுட்டிருந்தேன். வந்து, 'உனக்கு என்ன வயசு'ன்னாரு. 'உனக்கு என்ன'ன்னேன். 'இருபது'ன்னாரு. எனக்கு அப்போ இருபத்திரெண்டு. 'எனக்குப் பதினெட்டு'ன்னுட்டேன். அப்புறம் அதத் திருத்த நேரமே கிடைக்கல."

"நாப்பது வருஷமா நேரம் கிடைக்கலையா?"

"கிடைக்கல. பிள்ளைங்க பொறந்துது, செத்துது, வெள்ளம் வந்துது. எதுக்கு நடுவுல போய்ச் சொல்றது?"

மெர்சியின் உருளை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு அவள் சொன்னாள்: "இப்போ சொன்னா அறை கிடைக்கும். ஆனா அந்தாளு கொட்டகையில தல நிமிர்ந்து நடக்கிறது அந்த ஒண்ணாலதான். சொல்லலேன்னா..."

"சொல்லலேன்னா அந்தாளே இருக்கமாட்டாரு," என்றாள் டாமரிஸ்.

அவள் மேட்ரனிடம் பேர் கொடுத்தாள்.

கூட்டத்தன்று குழுவின் எழுத்தருக்குச் சளி. என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். நீள மேசைக்குப் பின்னால் கணப்பு எரிந்தது. பெருமக்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே மூடுபனி அவ்வளவு அடர்த்தியாக நின்றது, அறையே எங்கோ மிதந்து போவது போல இருந்தது. தலைவர் ஸ்டப்லி பெரிய பண்ணைக்காரர். தீர்ப்புச் சொல்லும்போதும் தூக்கம் வரும்போதும் ஒரே முகம். அவருக்கு இடப்பக்கம் வேக்லின். எழுபதை நெருங்கிய மாவு ஆலை முதலாளி. விடுதி ரொட்டி அவர் மைத்துனர் கடையிலிருந்து வந்தது, அது தற்செயல் என்று அவர் சொல்வார்.

டாமரிஸை ஒரு கதவு வழியாகவும் ஈபனை எதிர்க்கதவு வழியாகவும் கொண்டுவந்தார்கள். தடுப்பு இல்லாமல் அவன் முழுசாகத் தெரிந்தான். அவள் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள், இவ்வளவு நாள் விட்டுப்போன பாகங்களைச் சரிபார்க்கிற மாதிரி. அவன் மெலிந்திருந்தான்.

"வயசு என்ன சொல்லும்மா," என்றார் ஸ்டப்லி.

"அறுபத்திரெண்டுங்க, ஐயா."

ஈபன் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு அவன் முகம் மெதுவாக இளகியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயா, மன்னிக்கணும். இவ பொய் சொல்றா," என்றான். "எனக்காகச் சொல்றா, பாவம். எங்கூட இருக்கணும்னு நாலு வயச ஏத்திக்கிறா. இவளுக்கு அம்பத்தெட்டுதான். நான் கட்டிக்கிட்டவன், எனக்குத் தெரியாதா? இவள தண்டிக்காதீங்க, ஐயா. ஆசையில சொல்லிட்டா."

ஒரு கணவன் இதைவிட அன்பாக மனைவியின் காலை வாரிவிட்டதை நான் பார்த்ததில்லை. மேசையில் ஓரிருவர் நெகிழ்ந்து போனார்கள். ஸ்டப்லி நெகிழவில்லை, குழுவிடம் பொய் சொன்னால் இரண்டு நாளைக்குப் பாலாடைக்கட்டி நிறுத்தம் என்று ஞாபகப்படுத்தினார்.

"யோவ், வாய மூடுய்யா," என்றாள் டாமரிஸ்.

"நீ சும்மா இரு, புள்ள. நான் பேசிக்கிறேன்."

"நீ பேசினதாலதான் இத்தன வருஷம் கஞ்சி குடிச்சேன்." அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். "ஐயா, நெப்போலியன ஜெயிச்ச சேதி வந்த அன்னிக்குப் பொதுவெளியில சொக்கப்பானை கொளுத்தினாங்க. ஆட்டுப்பட்டித் தட்டிய வட்டமா நட்டு, வேலைக்குப் போற ஆளுங்க மட்டும் உள்ள ஆடணும், பிள்ளைங்க வெளிய நின்னு பாக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நாப்பத்தேழு வருஷம் ஆச்சு; எனக்கு அப்போ பதினஞ்சு, வேலைக்குச் சேந்துட்டேன். தட்டிக்கு உள்ள ஆடினேன்."

"யார் பார்த்தது?" என்றார் ஸ்டப்லி.

டாமரிஸ் வேக்லினைப் பார்த்தாள். முதலில் அவர் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு சன்னலை. சன்னலில் பனியைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அதற்குள் நெருப்பு எரிவதைப் போல. ஊரில் அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆலை வைத்திருந்த குடும்பம் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவர் அவரேதான்.

"அந்தம்மா சொல்றது சரி," என்றார் கடைசியில். "ரொட்டிக் கடையில மாவு பிசையற பையனா இருந்தேன் அப்போ. எங்கூடத்தான் ஆடினா. என் காலை மிதிச்சுட்டா."

"நீங்கதான் மிதிச்சீங்க, ஐயா."

"இருக்கலாம்," என்றார் வேக்லின். "புது ஷூஸ்."

யாரோ சிரித்தார்கள். ஸ்டப்லி மணியைத் தட்டினார். அறை ஹோல்டிச் தம்பதிக்கு என்று நான் எழுதினேன். எழுதி நிமிர்ந்தபோது ஈபன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவன் எங்களில் யாரையும் பார்க்கவில்லை.

"நான் வெளிய நின்னேன்," என்றான் மெதுவாக. "அந்தத் தட்டிக்கு வெளிய. எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டு. உள்ள பெரிய பொண்ணுங்க ஆடிட்டிருந்தாங்க." டாமரிஸைப் பார்த்தான். "நீ உள்ளயா இருந்தே?"

அவள் பதில் சொல்லும் முன் அவன் திரும்பித் தான் வந்த கதவு வழியாகவே போய்விட்டான். வாசற்காரனிடம் இருமிக்கொண்டே சொன்னானாம், தான் யோசிக்கணும் என்று.

டாமரிஸ் அன்று மாலையே ஆப்பிள் அறைக்குப் போனாள். மறுநாள் காலை கஞ்சிக்குப் பதில் தேநீர் வந்தது. மெர்சி வந்து பார்த்துவிட்டு, "இப்போ உனக்கு அறையும் இருக்கு, டீயும் இருக்கு. ஆளு மட்டும் இல்ல. விதவைங்களுக்குக்கூட இவ்வளவு வசதி கிடையாதுடி," என்றாள். அது அவளுக்குத் தெரிந்த ஆறுதல்.

கொட்டகையில் செய்தி அதற்கு முன்பே போயிருந்தது. "ஈபன், மூத்த அக்கா சௌக்கியமா?" என்று ஒருவன் கேட்டான். ஈபன் கயிற்றைப் பிரித்துக்கொண்டே இருந்தான். நகம் பிளந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. அந்த வாரம் குளிர் இறங்கியது. குழாயில் தண்ணீர் உறைந்தது. ஞாயிறு தேவாலயத்தில் டாமரிஸ் தன் இடத்தில் உட்கார்ந்து தடுப்புக்கு மேலே பார்த்தாள். உச்சந்தலை அங்கே இல்லை. இருமலும் இல்லை. எல்லோரும் எழுந்து நின்றபோது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மேட்ரன் அதைக் கண்டிக்கவில்லை.

பிற்பகல் ஒரு பையனுக்குக் காதுவலி என்று அவனை நோயாளிகள் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தின் சன்னல்களில் பனி பால் போல ஒட்டியிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கோடி அறையின் கதவு திறந்திருந்தது. டாமரிஸ் கணப்பின் முன் பெஞ்சில் உட்கார்ந்து சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது நடைபாதையில் யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற சத்தம். ஈபன். காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை என்றும், டாக்டர் வந்து பார்த்தார் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கினான். உள்ளே வரவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தான்: கட்டில், பெஞ்சு, நெருப்பு.

"இந்தப் பக்கம் குளிரு கம்மின்னு டாக்டரு சொன்னாரு," என்றான். "அதான்."

"கம்மிதான்," என்றாள் டாமரிஸ்.

"உனக்காக வரல."

"சரி."

அவன் இன்னும் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து நடைபாதையின் குளிர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கணப்பு நெருப்பு பக்கவாட்டில் சாய்ந்தது. டாமரிஸ் பெஞ்சில் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். அவனைப் பார்க்கவில்லை.

"உள்ள வந்து கதவச் சாத்து. சூடெல்லாம் போகுது."

ஈபன் கம்பளியைக் கட்டிலில் போட்டான். திரும்பி, முழங்கால் வலிக்க இரண்டு கையாலும் கதவைத் தள்ளினான். சாத்துகிற அந்த இடைவெளியில் அவன் குரல் கேட்டது. சிரிப்பா இருமலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை; அவள் பிரித்திருப்பாள்.

"சாத்துறேன், சாத்துறேன். வயசுல பெரியவங்க சொல்லிட்டீங்க."